காற்றுக்கு லைனிங் தைத்த பக்கர்

"மெதுவா... மெதுவாப் பிரிக்கச் சொல்லுங்க காக்கா. அது ரெட்டைத் தையல்."

டெய்லர் பக்கர் என் கடை மேசையில் இரு கைகளையும் ஊன்றிக் குனிந்து, கால்குலேட்டர்மேல் சாய்த்து வைத்திருந்த என் போனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன். போனுக்குள், கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன விமான நிலையத்தின் வாசலில், ஒரு கல்யாணப் பெண் பாய் விரித்து உட்கார்ந்து, பிளேடால் பக்கரின் தையலை அறுத்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரை மருதாணி. மடியில் ஆள் உயரத்தைவிட நீளமான ஓர் ஆரஞ்சுத் துணிக்குழாய். சுற்றிலும் பாதி ஊர் நின்று வேடிக்கை பார்த்தது. ஓர் ஆடும் பார்த்தது.

'டர்'ரென்று சத்தம் வரும்போதெல்லாம் பக்கர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கிழிக்கிறா காக்கா."

"கிழிக்கலப்பா, பிரிக்கிறா."

"தைச்சவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

என் இடப்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் அந்தப் பெண்ணின் தாய் உட்கார்ந்து, பக்கர் சொல்வதையெல்லாம் தன் மொழியில் போனுக்குள் கத்திக்கொண்டிருந்தார். நாளை மறுநாள் மகளுக்குக் கல்யாணம். தாயோ துபாய் தேராவில், என் கார்கோ கடையில். அவர் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்வாரா மாட்டாரா என்பது அந்தத் துணிக்குழாயைப் பொறுத்திருந்தது.

எப்படி இந்த நிலைக்கு வந்தோம் என்று சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பின்னால் போவதில் எனக்கு என்றைக்குமே ஆட்சேபணை இருந்ததில்லை என்பது இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும்.

நான் போகாத ஊர்

தேராவின் நாயிஃப் சந்தில் கடை பிடித்த கதையைப் போன வாரம் எழுதியதும், ஒரு வாசகி கேட்டிருந்தார்: "இத்தனை வருஷமாக ஆப்பிரிக்காவுக்குச் சாமான் அனுப்புகிறீர்களே, நீங்கள் ஆப்பிரிக்காவைப் பார்த்திருக்கிறீர்களா?"

இல்லை அம்மா. கீழக்கரையிலிருந்து துபாய், துபாயிலிருந்து கீழக்கரை. இவ்வளவுதான் என் பூகோளம். ஆனால் கிவாண்டே என்ற ஊரில் எந்த வீட்டில் என்ன நிற சோபா கிடக்கிறது என்று கேளுங்கள், சொல்கிறேன். எல்லாம் என் கடையில் சாக்கு சுற்றி, பட்டை இழுத்துக் கட்டிப் போனவை.

கிவாண்டே ஒரு மலைக்கும் ஒரு ஆற்றுக்கும் நடுவே இருக்கிறது. மலையில் காப்பி விளைகிறது, ஆற்றில் மழைக்காலத்தில் பாலம் காணாமல் போகிறது. அங்கிருந்து வியாபாரிகள், பெரும்பாலும் பெண்கள், துபாய்க்கு வந்து சீலிங் ஃபேன், ஸ்கூல் பை, தெர்மாஸ், கொசுவலை, சுவர்க் கண்ணாடி என்று வாங்கிக் குவிப்பார்கள். குவித்ததைக் கட்டி அனுப்புவது என் வேலை.

இந்தத் தொழிலில் பெயர் எழுதினால் ஆகாது. பாதிப் பேருக்கு ஒரே பெயர். அதனால் ஆளுக்கு ஒரு படம். அதை மார்க்கா என்போம். ஒருவருக்குக் குடை, ஒருவருக்கு மீன், ஒருவருக்குச் சாவி. கிவாண்டே விமான நிலையத்துக்கென்று வரும் சாமானுக்கு விமானம். என்னிடம் பேக்கிங் பார்க்கும் முருகேசன்தான் கறுப்புப் பெயிண்ட்டில் வரைவான். சிவகங்கைப் பக்கத்துக்காரன். அவன் வரைந்த விமானத்துக்கு ஒருமுறை வால் நீண்டுவிட்டது. ஒரு பெட்டி ட்யூப்லைட் நேராக மீன் மார்க்கா வியாபாரியின் வீட்டுக்குப் போனது. அவரும் எதுவும் கேட்காமல் மாட்டிக்கொண்டார். அவர் வீட்டில் இன்றைக்கும் நல்ல வெளிச்சம் என்று கேள்வி.

பெண்ணுக்குப் பெயர் மாமா

கிவாண்டே வியாபாரிகளில் பெரியவர் ஹலீமா. அந்த ஊரில் பிள்ளை பெற்ற பெண்ணை மரியாதையாக 'மாமா' என்றுதான் அழைப்பார்கள். முதல் நாள் இதை முருகேசனுக்கு விளக்க எனக்கு ஒரு டீ செலவானது.

"பாய், பொம்பளைய எப்புடி பாய் மாமான்னு கூப்புடுறது? வாய் வரலையே!"

"அங்க அப்படித்தான். கூப்புடு."

"அப்ப அவுக வீட்டுக்காரர?"

"அவரு இங்க வரமாட்டாரு. நீ மூட்டையக் கட்டு."

மாமா ஹலீமா பேசுவது பாதி அரபு, கொஞ்சம் இங்கிலீஷ், பேரம் என்றால் மட்டும் சுத்தமான இந்தி, மிச்சம் கை. என்னை 'ரஃபீகி' என்பார், நண்பா என்று அர்த்தம். மெத்தைக் கடையில் மெத்தைமேல் படுத்துக்கொண்டே பேரம் பேசி, கடைக்காரர் இறங்கி வரும்வரை எழுந்திருக்க மாட்டார். ஒருமுறை உண்மையாகவே தூங்கிவிட்டார். கடைக்காரர் விளக்கை அணைத்துவிட்டுச் சத்தம் போடாமல் டீ குடிக்கப் போனாராம்.

அவருக்கு ஒரே மகள், ஸஃபியா. அவள் கல்யாணத்துக்கென்று வந்தவர் இரண்டு வாரம் தேராவைச் சல்லடை போட்டுச் சலித்தார். கட்டில், பாத்திரம், திரைச்சீலை, மாப்பிள்ளைக்குச் சட்டைத்துணி, பெண்ணுக்கு உடுப்பு, தலைக்குப் போடும் முக்காட்டுத் துணி, எல்லாம் என் கடையில் வந்து நின்றன. இடம் இல்லாமல் முருகேசன் கல்யாணக் கட்டில்மேல் உட்கார்ந்து சாப்பிட்டான்.

அவர்கள் ஊர் வழக்கப்படி, தாய் கைபிடித்து வாசலைத் தாண்டவைத்தால்தான் பெண் வீட்டைவிட்டுப் புறப்படலாம். சித்தி, பெரியம்மா யாரும் கணக்கில்லை. தாய் உயிரோடு இருந்தால் தாய்தான். மாமா இதை என்னிடம் சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்போது ஊரில் புயல் அடித்திருக்கவில்லை.

ஜோசப்பின் விமான நிலையம்

கிவாண்டேக்கு வாரத்தில் இரண்டு விமானம், புதன் ஒன்று, சனி ஒன்று. இருபக்கமும் காற்றாடி சுற்றும் சின்ன விமானம். காலையில் தலைநகரிலிருந்து வந்து, அரை மணியில் திரும்பிப் போய்விடும்.

அந்த நிலையத்தின் மேனேஜர் ஜோசப். டிக்கெட் கிழிப்பவரும் அவர்தான், பெட்டி தூக்குபவரும் அவர்தான். விமானம் வரும் நேரத்தில் பழைய லாரி வீல் ஒன்றை இரும்புத்தடியால் அடிப்பார். ஓடுதளத்தில் மேயும் ஆடுகள் அந்தச் சத்தத்துக்கு ஒதுங்கிக்கொள்ளும். ஒரு கிழட்டு ஆட்டுக்கு மட்டும் காது கேட்காது, அதை அவரே போய் அழைத்து வருவார். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? ஜோசப் தினமும் எனக்கு வாய்ஸ் மெசேஜ் போடுவார். பல்பு ஃபியூஸ் ஆனாலும் எனக்குத்தான், பெண்டாட்டி கோபித்துக்கொண்டாலும் எனக்குத்தான்.

ஊரே அந்த வேலியை ஒட்டித்தான் வாழ்கிறது. மருத்துவமனைக்கு ஐஸ் பெட்டியில் தடுப்பூசி, பள்ளிக்குப் பரீட்சைத்தாள், எல்லாம் அதில்தான் இறங்கும். வேலியோரம் சந்தை. வாசலில் ஒரு டீக்கடைக்காரம்மா. பழைய கேப்டன் ஒருவர் அந்த அம்மாவின் அடுப்புப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துத்தான் விமானத்தை இறக்குவாராம். அவர் ஓய்வு பெற்றபோது டீக்கடைக்காரம்மா அழுததாக ஜோசப் சொன்னார்.

புதிதாக வந்த கேப்டன் ஓர் இளம்பெண். அவர் புகையையெல்லாம் பார்க்கமாட்டார். விதி என்றால் விதி.

கம்பத்துத் துணி

மாமா இங்கே இருக்கும்போதுதான் அங்கே புயல். பாலத்தை ஆறு கொண்டுபோனது. அது வருஷா வருஷம் நடப்பது. கூடவே விமான நிலையக் கம்பத்தில் இருந்த விண்ட் சாக்கையும் காற்று கந்தலாக்கிவிட்டது.

விண்ட் சாக் என்றால் நீங்கள் பார்த்திருப்பீர்கள். கம்பத்து உச்சியில் சட்டைக்கை மாதிரி ஒரு துணிக்குழாய். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, எவ்வளவு வேகம் என்று அதைப் பார்த்தால் தெரியும். எனக்கு அதற்கு முன் தெரியாது. முருகேசனிடம் கேட்டேன், அவன் என்னிடம் வருவதற்கு முன் அபுதாபிப் பக்கம் ருவைஸ் ரிஃபைனரியில் சாரம் கட்டும் வேலை பார்த்தவன்.

"நல்லாத் தெரியும் பாய். பிளாண்ட்டு பூரா தொங்கும். கேஸ் லீக் ஆச்சுன்னா அதப் பாத்துட்டு எந்தப் பக்கம் ஓடணும்னு சொல்லிக் குடுத்துருக்காக."

"அத எப்படித் தைக்கிறது?"

"ஓடத்தான் பாய் தெரியும்."

ஜோசப் முதலில் ஒரு பூப்போட்ட பெட்ஷீட்டைச் சுருட்டிக் கம்பத்தில் கட்டிப் பார்த்தார். கேப்டன் அம்மா மேலே இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, இறங்காமல் பயணிகளோடு திரும்பிப் போய்விட்டார். ஒழுங்கான விண்ட் சாக் ஏறும்வரை விமானம் கிடையாது என்று உத்தரவு வந்தது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பின்னால் இருபது முப்பது உயிர் உட்கார்ந்திருக்கும்போது பெட்ஷீட்டை நம்பி யார் இறக்குவார்?

விமானம் இல்லையென்றால் மாமா ஊர் போக வழி இல்லை. தலைநகரிலிருந்து பஸ், பிறகு ஆற்றில் படகு, பிறகு மலையில் மோட்டார் சைக்கிள். "நீங்க அப்படிப் போகலாமே மாமா?" என்று கேட்டும் பார்த்தேன். அவர் தன் முழங்காலைப் பார்த்தார், உடம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ரஃபீகி, மோட்டார் சைக்கிள் உனக்கு என்ன பாவம் செய்தது?"

ஷார்ஜாவில் ஒரு சேஃப்டி சாமான் கடையில் விசாரித்தேன். பிளாண்ட்டுக்குப் போடும் சின்ன சைஸ்தான் இருந்தது. பெரியது வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். கல்யாணத்துக்கு இருந்தது பத்து நாள்.

அப்போதுதான் எனக்கு டெய்லர் பக்கர் ஞாபகம் வந்தார். ஞாபகம் வராமல் இருந்திருக்கலாம்.

உள்ளே தெரியக் கூடாது

பக்கரும் கீழக்கரைக்காரர்தான். நாலு கடை தள்ளி அபாயா தைக்கிறார். பெண்கள் உடுப்புக்குமேல் போடும் கறுப்பு அங்கியைத்தான் இங்கே அபாயா என்பார்கள். தோளிலிருந்து தரைவரை துணி சுருக்கமில்லாமல், சுழலாமல், நேராக இறங்க வேண்டும். அதைத் தையல்காரர்கள் ஃபால் என்பார்கள். பக்கரின் ஃபாலுக்காக ருவைஸிலிருந்தும் புஜைராவிலிருந்தும் பெண்கள் வருவார்கள். அபாயா போட்டுக்கொண்டு ஏர் கூலர் முன்னால் நின்று பார்ப்பார்கள். ஓரம் அசையக் கூடாது. அசைந்தால் பக்கர் காசு வாங்கமாட்டார்.

ஜோசப் அனுப்பிய அளவுகளைச் சொன்னேன். வாய் அகலம், வால் குறுகல், இரண்டு பக்கமும் திறப்பு, ஆரஞ்சு நிறம். வாய்ப்பக்கம் மாட்டும் இரும்பு வளையம் அங்கேயே இருக்கிறது, துணி மட்டும் போதும்.

"ரெண்டு நாள் குடுங்க காக்கா. நம்ம ஊருப் பேரு கெடாமத் தைச்சுத் தாரேன்," என்றார்.

தைத்துக் கொண்டுவந்தார். என் கடை உத்தரத்தில் மாட்டினார். சொன்னால் நம்பமாட்டீர்கள், அப்படி ஓர் அழகு. மேலிருந்து கீழ்வரை ஒரு சுருக்கம் இல்லை. நேராக, நிமிர்ந்து, கம்பீரமாகத் தொங்கியது. முருகேசன் கையைத் தட்டினான். நானும் தட்டினேன். உள்பக்கம் வெள்ளை சாட்டின் லைனிங்.

"லைனிங் எதுக்கு பக்கர்?"

"மேல்துணி மெல்லிசு காக்கா. வெளிச்சத்துல உள்ள தெரியிது. ஊருக்கு நடுவுல, நாலு பேரு பாக்குற எடத்துல நிக்கிற உருப்படி. அப்படியே விட மனசு வரல."

விண்ட் சாக்குக்கு உள்ளே தெரிந்தால் என்ன என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை. வால் ஓரத்தில் கேன்வாஸ் பட்டி வேறு வைத்திருந்தார், அப்போதுதான் ஓரம் நிற்குமாம். கடைசியில் தன் கடை லேபிளையும் தைத்திருந்தார்.

அன்றைக்கே தலைநகருக்குப் பறந்த ஒரு வியாபாரியின் கைப்பையில் அது போனது. அங்கிருந்து பஸ், படகு, மோட்டார் சைக்கிள். புதன் மாலை கிவாண்டே போய்ச் சேர்ந்ததும் ஜோசப்பின் முதல் மெசேஜ்: "பாஸ், மிக மிக அழகு. ஒரு சந்தேகம். லேபிளில் டிரை கிளீன் மட்டும் என்று இருக்கிறது. மழை வந்தால் இறக்கிவிட வேண்டுமா?"

காற்றுக்கு அசையாதது

வியாழன் காலை வீடியோ வந்தது. மாமா, நான், முருகேசன் மூவரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம்.

கிவாண்டேயில் நல்ல காற்று. வேலியோரத் தென்னை பேயாட்டம் ஆடுகிறது. சந்தையில் ஒருவர் தொப்பியைத் துரத்திக்கொண்டு ஓடுகிறார். டீக்கடைக்காரம்மாவின் புகை தரையோடு படுத்துவிட்டது. நடுவில் கம்பம். கம்பத்தில் பக்கரின் விண்ட் சாக். துளி அசைவில்லை. ஜுமாவில் தொழுகைக்கு நிற்பவரைப் போல அடக்கமாகத் தொங்குகிறது.

"பாஸ்," என்றது ஜோசப்பின் குரல், காற்றிரைச்சலுக்கு நடுவே, "இது யாருக்கும் அசைந்து கொடுக்கவில்லை."

இரண்டு வாரமாக வாய் ஓயாத மாமா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு, "கலாஸ்," என்றார், முடிந்தது என்று. அதைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை.

முருகேசனை ஓடவிட்டுப் பக்கரை வரவழைத்தேன். வீடியோவைக் காட்டினேன். அவர் முகத்தில் முதலில் வந்தது, அல்லாஹ் சாட்சியாகச் சொல்கிறேன், பெருமை.

"பாத்தீங்களா காக்கா? அந்தக் காத்துல கூட ஃபால் எப்படி நிக்கிது!"

"பக்கரே, அது ஆடணும்."

"ஆடணுமா?"

"ஆடத்தான்யா அதச் செய்யிறதே!"

பக்கர் மாமாவைப் பார்த்தார். பிறகு கட்டில், பாத்திரம், பெண்ணின் உடுப்பு இருந்த பெட்டிகளையும் பார்த்தார். அவருக்கும் இரண்டு பெண்பிள்ளைகள்.

"லைனிங்கப் பிரிச்சு எடுத்தா ஆடும் காக்கா. பட்டியையும் எடுக்கணும். ஆனா பாத்துப் பிரிக்கணும். மேல்துணி மெல்லிசு, இழுத்தா வாய்விட்டுரும். அப்புறம் ஒண்ணுக்கும் ஆவாது."

இன்னொன்று தைத்து அனுப்ப நேரமில்லை. சனிக்கிழமை விமானம் கிளம்ப வேண்டுமென்றால் வெள்ளி மதியத்துக்குள் விமானக் கம்பெனிக்காரர்கள் திருப்தியாக வேண்டும். ஊரில் இருந்த ஒரே தையல்காரர் ஆற்றுக்கு அக்கரையில் மாட்டிக்கொண்டிருந்தார். ஜோசப் தானே பிரிப்பதாகச் சொன்னார். வீல் அடிக்கும் கையை நம்பி அதைக் கொடுக்க எங்களில் யாருக்கும் துணிவில்லை.

போனில் ஸஃபியாவின் குரல் வந்தது. மாமா எனக்குச் சொன்னார்: "அவளே பிரிக்கிறாளாம். என் அம்மாவைக் கொண்டுவரப் போகிற துணி, வேறு யாரும் தொட வேண்டாம் என்கிறாள்."

மறுபடியும் பிளேடு

ஆகவே வியாழன் மதியம், நான் ஆரம்பத்தில் சொன்ன காட்சி.

பக்கர் தமிழில் சொல்வார், நான் அரபியும் இந்தியுமாக மாமாவுக்குச் சொல்வேன், மாமா அவர்கள் மொழியில் மகளுக்குச் சொல்வார். அதற்குள் பிளேடு ஓர் அங்குலம் தாண்டியிருக்கும்.

"வலப்பக்கம் ஒரு முடிச்சு இருக்கு, அத வெட்டாம நூல மட்டும் இழுக்கச் சொல்லுங்க."

"அவள் வெட்டிவிட்டாளாம்," என்றார் மாமா.

"யா அல்லாஹ்!"

"ஒன்றும் ஆகவில்லையாம்."

பக்கர் பெருமூச்சு விட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் எச்சரிப்பதை விட்டுவிட்டு ஸஃபியாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கை நல்ல கை காக்கா. பதறாத கை," என்றார் மெதுவாக. மாமாவுக்கு அதை மொழிபெயர்த்தேன். அந்த அம்மாவின் முகத்தில் காலையிலிருந்து முதல் முறையாகச் சிரிப்பு வந்தது.

லைனிங் முழுசாக, ஒரு கிழிசல் இல்லாமல், வெள்ளையாக உருவி வந்தது. கேன்வாஸ் பட்டியும் வந்தது. ஜோசப் மிச்சத் துணியை வளையத்தில் கட்டிக் கம்பத்தில் ஏற்றினார். ஊரே அண்ணாந்து பார்த்தது. தேராவில் நாங்களும் அண்ணாந்து பார்த்தோம். எங்களுக்கு மேலே ட்யூப்லைட்தான் இருந்தது.

துணி தொங்கியது.

"இப்ப ஏன் ஆடல?" என்று பக்கரின் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன்.

ஜோசப்பின் முகம் போன் முழுக்க வந்தது. "பாஸ், காற்று நின்றுவிட்டது."

காலையிலிருந்து தென்னையைப் பிடுங்கிய காற்று, நமக்கு வேண்டிய நேரத்தில் போய்விட்டது. புகை நூல் பிடித்தமாதிரி நேராக மேலே போனது. தென்னை சும்மா நின்றது. மாமா உதட்டுக்குள் ஓதத் தொடங்கினார். பக்கரும் ஓதினார். முருகேசன் என்ன நினைத்தானோ, மூலையில் இருந்த ஃபேனைத் தள்ளிக்கொண்டு வந்து போனைப் பார்க்கத் திருப்பி, ஃபுல்லில் வைத்தான். மேசையில் இருந்த பில் எல்லாம் பறந்தன.

"என்னடா செய்யிற?"

"நம்மால ஆனது பாய்."

திட்ட வாயெடுத்தேன். அப்போதுதான் புகை கொஞ்சம் சாய்ந்தது. காது கேட்காத அந்த ஆடு திரும்பிப் பார்த்தது. கம்பத்தில் துணியின் வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. பிறகு ஒரே மூச்சில் வயிறு நிறையக் காற்றை வாங்கி, வால் நிமிர்ந்து, ஆரஞ்சாகக் கிடைமட்டத்தில் எழும்பி நின்றது.

போனுக்குள்ளிருந்து பெண்கள் எல்லோரும் நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் போட்டார்கள். முருகேசன் துள்ளிவிட்டான்.

"பாய்! குலவை பாய்! எங்க ஊருக் குலவை!"

சிவகங்கைக்காரனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாமா நாற்காலியைவிட்டு எழுந்து, முழங்காலை மறந்து, தேரா சந்தே திரும்பிப் பார்க்கிற மாதிரி இங்கிருந்து பதில் குலவை போட்டார். எதிர்க்கடை மலையாளி சேட்டன் என்ன கலவரமோ என்று பாதி ஷட்டரை இறக்கினார். மாமா பக்கரின் தலையில் கைவைத்து என்னவோ சொன்னார். துஆ செய்து வாழ்த்துகிறார் என்று மட்டும் புரிந்தது. பக்கர் குனிந்தே நின்றார். அவருடைய ஃபால் போய்விட்டது, அந்த வருத்தமும் அவருக்கு இருந்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

சனிக்கிழமை

வெள்ளி காலை விமானக் கம்பெனி சரி என்றது. மாலையில் மாமாவை ஏர்போர்ட்டில் இறக்கினோம். கட்டிலும் பாத்திரமும் பின்னால் வரட்டும், பெண்ணின் உடுப்புப் பெட்டி மட்டும் கையோடு. அதில் முருகேசன் மார்க்காவுக்குப் பதில் ஒரு விண்ட் சாக் வரைந்திருந்தான். கேரட் மாதிரி இருந்தது. யாரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை கடையைத் திறந்ததும் பக்கர் வந்து உட்கார்ந்துகொண்டார். பால் விடாத சுலைமானி டீ சொன்னேன், அது ஆறியது. அவர் குடிக்கவில்லை, நானும் குடிக்கவில்லை. வழியில் ஏதாவது, வானிலை ஏதாவது, கேப்டன் அம்மாவுக்குத் துணி பிடிக்காமல் ஏதாவது என்று மனசு அடித்துக்கொண்டது.

ஜோசப்பின் வீடியோ வந்தது.

வீல் அடிக்கும் சத்தம். ஆடுகள் ஒதுங்குகின்றன. மலைக்கு மேலே ஒரு புள்ளி, பிறகு விமானம். ஒரு சுற்று. இரண்டாவது சுற்று இல்லை. தாழ்ந்து, ஓடுதளத்தில் புழுதி கிளப்பி இறங்கி நின்றது. கதவு திறந்தது. முதல் ஆளாக மாமா ஹலீமா, பெட்டியை யாரிடமும் கொடுக்காமல் தானே பிடித்துக்கொண்டு, பக்கவாட்டாகப் படியிறங்கினார்.

வேலிக்கு இந்தப்பக்கம் ஸஃபியா நின்றாள். அவள் முக்காடு அம்மா கையில் இருந்த அந்தப் பெட்டிக்குள் இருந்தது. கல்யாணப் பெண் வெறுந்தலையோடு ஊர் நடுவே வரமுடியாது. அதனால் கிடைத்ததைத் தலையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். வெள்ளை சாட்டின். நெற்றியிலிருந்து பாதம்வரை.

பக்கர் போனைப் பிடுங்கி மூக்கருகே வைத்துக்கொண்டார்.

"காக்கா, அது நம்ம லைனிங்."

ஒரு பக்கத் தையலைப் பிரித்து விரித்திருந்தாள், அவ்வளவுதான். அவளுக்குப் பின்னால் கம்பத்தில் ஆரஞ்சுத் துணி படபடவென்று அடித்துக்கொண்டது. புழுதி பறந்தது, தென்னை ஆடியது. அருகில் நின்ற பெண்கள் எல்லோரும் முக்காட்டை இரு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மாமா வந்து மகளின் கையைப் பிடித்தார். ஸஃபியாவுக்கு முக்காட்டைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. அவளுடைய இரண்டு கையும் அம்மாவைத்தான் பிடித்திருந்தன.

பக்கர் வேட்டி முனையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வீடியோவை மறுபடியும் முதலிலிருந்து ஓட்டினார்.

"அவ்வளவு காத்துலயும் அசையல பாத்தீங்களா காக்கா?" என்றார்.